இந்த மாதத்து முறை

கண்ணாடி வெட்டுகிறவன் வீட்டு நாய் செத்த அன்று மாடியில் தையல் மிஷின் நிற்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடம் அந்தச் சாவைப் பற்றிப் பேசினாலும் அவன் மனைவி இதைத்தான் முதலில் சொன்னாள். நாய் எப்படிச் செத்தது என்பதைக்கூடப் பிறகுதான் சொல்வாள்.

ஒரே கதவு எண் கொண்ட வீடு அது. அப்பா காலத்தில் கட்டியது. கீழே கண்ணாடி வெட்டுகிற தம்பி, மேலே அண்ணன். மாடிக்குப் போக வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. யார் ஏறினாலும் இறங்கினாலும் கீழ்வீட்டு அலமாரியில் தட்டுகள் மெல்ல அதிரும். அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் தங்கினால் அதிகம். ஆகவே மாடியில் அவர் மனைவி, தெருவே பெரியவள் என்று சொல்லும் தையல்காரி, மைனர் என்ற கடுவன் பூனையோடு தனியாக இருந்தாள். கீழே தம்பியும், அவன் மனைவி சின்னவளும், சட்டி என்ற பெட்டை நாயும். குட்டியாக வந்தபோது ஒரு சட்டிக்குள் சுருண்டு படுக்கிற அளவுதான் இருந்தது. வளர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு படுத்த பிறகும் பெயர் மாறவில்லை. இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் குத்திப் பேசியதில்லை.

சின்னவளுக்கு ஒரு லாட்ஜின் சலவைக்கூடத்தில் வேலை. அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. அடித்துப் பெய்து ஓய்கிற மழையும் இல்லை. நாள் முழுக்கப் பொடித் தூறல். விரிப்புகள் வெளிக்கொடியில் காயவில்லை என்று உள்ளேயே அடுப்புச் சூட்டில் தொங்கவிட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் மேல் சோப்பும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை இருக்கும். சட்டி அதைத் தெருமுனையிலேயே பிடித்துவிடும்.

மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியில் புதன்கிழமைதோறும் வளர்ப்புப் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் நடந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை வேண்டும். சின்னவள்தான் மூன்று நாள் வேலையை விட்டுவிட்டுக் காகிதங்களோடு அலைந்து அதை வாங்கினாள். அட்டை ஆளுக்கு இல்லை, கதவு எண்ணுக்கு. ஒரு கதவு எண்ணுக்கு மாதம் ஒரு பிராணி. டாக்டரம்மா ஒருத்தர்தான், நாளைக்கு நாற்பது டோக்கன்தான். அவர்களுக்கும் வேறு வழியில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மின்சார மீட்டர் பெட்டிக்குள் அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொது என்று.

ஒரு மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சட்டி தண்ணீர் குடிப்பதைச் சின்னவள் கவனித்தாள். அது குடித்துக்கொண்டே இருந்தது. வாளி காலியானதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் நிரப்பினாள். மறுபடியும் குடித்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது. உடனே படியேறிப் போனாள்.

"அக்கா, இந்த மாச முறை எனக்கு வேணும். சட்டிக்கு என்னமோ ஆயிருக்கு."

பெரியவள் பல்லிடுக்கில் ஊசியைக் கடித்துக்கொண்டு துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "என்னவாம்?"

"தண்ணியா குடிக்குது. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"மழைக் காலத்துல இவ்வளவு தாகமா? அதிசயம்தான்."

"இந்தப் புதன் எனக்கு லீவு கிடைக்காது. அடுத்த புதன் கூட்டிட்டுப் போறேன்."

"போயேன். நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கிறேன்?"

அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது நாள் கழித்து, கண்ணாடி ஏற்றிப்போகும் தள்ளுவண்டியில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் சட்டியைக் கிடத்தி, கணவனும் மனைவியுமாகத் தூறலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்குப் பழகிய கை; ஒரு பள்ளத்தில்கூடச் சக்கரத்தை அவன் குலுங்கவிடவில்லை.

ஃபேக்டரி வாசலில் டோக்கன் கொடுப்பவர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வுபெற்றும் பழக்கம் போகவில்லை. காதில் பென்சில், விரலிடுக்கில் டோக்கன், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று ஆட்டையும் நாயையும் பிடித்திருப்பவர்களை விரட்டிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"இந்த நம்பருக்கு இந்த மாச முறை முடிஞ்சுபோச்சேம்மா."

"இல்லையே. நாங்க இப்பதான் வர்றோம்."

"போன புதன். பூனை. நகம் வெட்டினது, காது சுத்தம் பண்ணினது. கையெழுத்துகூட இருக்கு பாருங்க."

சின்னவள் பார்த்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, அது நகம். இது உயிரு."

"எனக்கும் கண்ணு இருக்கும்மா. ஒருத்தருக்கு விட்டா நாற்பது பேரும் கேப்பாங்க. அவசரம் இல்லாதவங்க இங்க யாரு இருக்கா? அடுத்த மாசம் முதல் புதனே வந்துடுங்க. முதல் டோக்கன் உங்களுக்குத்தான்."

கணவன் கெஞ்சிப் பார்த்தான். அவனுக்குக் கெஞ்சத் தெரியும்; கடையில் முதலாளியிடம் பழகியது. அவளுக்குத் தெரியவில்லை. ஐஸ் பாளங்களை லாரியில் ஏற்றுகிற மேடைக்குக் கீழே வண்டியை ஒட்டி நின்றுகொண்டாள். மத்தியானம்வரை அப்படியே நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. டாக்டரம்மா பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். காசு வாங்கிப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு ஆகும் என்று அவன் கேட்டான். பதில் வந்ததும் இருவரும் வெளியே வந்து மறுபடியும் வண்டியைத் தள்ளினார்கள்.

சனிக்கிழமை காலை சட்டி செத்தது. மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் சின்னவள் படியில் பாதி ஏறி நின்று கேட்டாள். "நகம் வெட்டத்தானே போனீங்க?"

மிஷின் நின்றது. பெரியவள் எழுந்து வரவில்லை, உள்ளேயிருந்தே பேசினாள். "தைச்ச துணியைக் குடுக்க அந்தப் பக்கம் போனேன். வழியில இருக்கேன்னு மைனரையும் தூக்கிட்டுப் போனேன். மாசம் ஒண்ணுதான்னு எனக்கு என்ன தெரியும்?"

"அட்டைக்குப் பின்னாலயே எழுதியிருக்கு."

"ஆமா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறதுதான் என் வேலை."

"நான் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்."

"இப்ப என்னங்கிற? ஊரைக் கூட்டணுமா? நாய்தானே. தெருவுல இல்லாத நாயா? மழை விடட்டும், ஒண்ணைப் பிடிச்சிட்டு வா."

மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. சின்னவள் பாதிப் படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு இறங்கி, மீட்டர் பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்துத் தன் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை இரண்டு பேராக மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகி. பேச்செல்லாம் நெருங்கி வரும்போதுதான். விலகும்போது யோசிப்பார்கள். சின்னவளுக்கு எப்போதும் ஜோடி சோப்புக்காரி என்கிற கூட்டாளி. தொட்டிக்குச் சோப்பு அளந்து போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர்.

"உன் வீட்டு முயலை ஒரு புதன்கிழமைக்குக் குடு" என்றாள் சின்னவள்.

விலகிப் போய்த் திரும்பி வந்தாள் சோப்புக்காரி. "எதுக்கு?"

"டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திருப்பித் தர்றேன்."

"அதுக்கு ஒண்ணும் இல்லையேடி. நல்லாத்தானே இருக்கு."

"ஒண்ணும் இல்லாததுதான் எனக்கு வேணும்."

சோப்புக்காரி விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "அந்தப் பூனைக்கு எப்ப உடம்புக்கு வரும்னு யாருக்குத் தெரியும்? வராமலேயே பதினஞ்சு வருஷம் இருந்துட்டா?"

"பதினஞ்சு வருஷமும் போவேன்."

"உன்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு" என்றாள் சோப்புக்காரி. ஆனால் முயலைக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் முதல் புதன், சின்னவள் விடிவதற்குள் எழுந்து மேடையடியில் முதல் ஆளாக நின்றாள். கண்டக்டர் சொன்ன சொல் தவறாமல் முதல் டோக்கன் கொடுத்தார். "நாய் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கவும் செய்தார். "இருக்கு" என்றாள். முயலின் பல்லைப் பார்த்தார்கள். அதற்கடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் கிளி. அதன் இறக்கையைப் பார்த்தார்கள். நோட்டில் அந்தக் கதவு எண்ணுக்கு நேரே மாதம் தவறாமல் ஒரு பிராணி ஏறியது. புதன்கிழமைகளில் அவளுக்குப் பாதிச் சம்பளம் போனது. ஆனால் அன்றைக்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி.

பெரியவளுக்கு இது தெரியாமல் இல்லை. "ஏன்டி, சர்க்கஸ் ஏதாவது ஆரம்பிக்கப் போறியா?" என்று மாடியிலிருந்து கேட்டாள். கிளிக்கூண்டோடு போய்க்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை ஜன்னல் வழியாகச் சின்னவள் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் பூசக் கொட்டிய மணல் அங்கே தகரக் கூரைக்கு அடியில் நனையாமல் மீந்து கிடந்தது. மைனர் இறங்கி வந்து மணலில் குழி பறித்து உட்கார்ந்தது. முக்கியது. எழுந்து நாலடி நடந்து இன்னொரு குழி பறித்தது. அங்கும் முக்கியது. மணல் நனையவில்லை. ஆறு குழி வரை எண்ணினாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

கணவனும் பார்த்தான். விரலில் சுற்றிய பிளாஸ்திரியை அவிழ்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தவன், "மூத்திரம் போகல அதுக்கு" என்றான்.

"ம்."

"அண்ணிகிட்ட சொல்லு."

"ஏன், அவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"மிஷின்ல உட்கார்ந்தா அவங்களுக்கு எது தெரியும்? நான் போய் சொல்றேன்."

"போங்க. போயிட்டு மேலேயே சாப்பிட்டு, மேலேயே படுத்துக்கோங்க."

அவன் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்திரியை உருட்டி உருட்டிச் சிறு பந்தாக்கினான். "மைனர் உன்னை என்ன பண்ணிச்சு?" என்று கேட்டான்.

"சட்டி அவங்கள என்ன பண்ணிச்சு?"

வெளியே போகிற வழியில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்றான். அலமாரித் தட்டுகள் அதிரவில்லை என்பதைச் சின்னவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மாடியில் பூனை கத்தத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்துகிற கத்தல். செவ்வாய் மாலை படி அதிர்ந்தது. பெரியவள் இறங்கி வந்து வாசலில் நின்றாள். தோளில் அளவு நாடா தொங்கியது. எடுத்துப் போட மறந்திருந்தாள்.

"அந்த அட்டையைக் கொஞ்சம் குடு."

"எந்த அட்டை?"

"விளையாடாதே. மைனர் ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல. மூத்திரம் போகல. நாளைக்குப் புதன்."

"நாளைக்கு எனக்கு வேணுமே அக்கா. கோழிக்கு உடம்பு சரியில்ல."

"உனக்கு ஏது கோழி?"

"வளர்க்கலாம்னு."

பெரியவள் அவளையே பார்த்தாள். மேலே பூனை கத்தியது. "பழசை மனசுல வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"பழசெல்லாம் இல்லக்கா. கோழிக்குச் சளி."

பெரியவள் திரும்பினாள். படியேறும்போது நடுவில் ஒரு தடவை நின்றாள். தட்டுகள் அதிர்ந்து, ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தன.

புதன்கிழமை தூறல் கொஞ்சம் வலுத்திருந்தது. கோழி சோப்புக்காரியின் கொழுந்தன் வளர்ப்பது. கொழுத்த வெள்ளைக் கோழி. சின்னவள் அதை ஒரு பைக்குள் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு ஏழாவது டோக்கனோடு மேடையடியில் நின்றாள். எட்டரைக்குப் பெரியவள் வந்தாள். தையல் மிஷினை மூடுகிற மர மூடியைக் கவிழ்த்துக் கூடையாக்கி, அதில் பூனையை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தாள். தலை நனைந்து மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. நேரே கண்டக்டரிடம் போனாள். அவர் நோட்டைப் புரட்டினார்.

"இந்த நம்பருக்குக் குடுத்தாச்சேம்மா. கோழி. ஏழாம் நம்பர்."

பெரியவள் திரும்பினாள். வரிசை மொத்தமும் திரும்பியது. கூடைக்குள்ளிருந்து கத்தல் வரவில்லை இப்போது; மெலிதாக ஒரு முனகல்தான். அதுதான் மோசம் என்று வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்.

"டோக்கனைக் குடுடி" என்றாள் பெரியவள்.

"தர்றேன்." சின்னவளின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. இந்த நிமிஷத்தை அவள் மூன்று மாதமாகச் சலவைக்கூடத்து ஆவியில் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். "நீங்க என்ன பண்ணீங்கன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொன்னா தர்றேன்."

பெரியவள் முடியாது என்பாள், வாயை மூடிக்கொண்டு கூடையோடு திரும்பிப் போவாள் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். அதற்குத்தான் அவள் தயாராக வந்திருந்தாள்.

ஆனால் பெரியவள் கூடையை ஈரத்தரையில் வைத்தாள். பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். "சொல்றேன். எல்லாரும் கேளுங்க. நான் பாவி. இவ வீட்டு நாய் சாகக் கிடந்தப்ப, இந்த முண்டை நான், பூனைக்கு நகம் வெட்ட முறையைத் தின்னுட்டேன். தெரியாம பண்ணிட்டேன். அதுக்குத் தண்டனையா இவ எனக்கு இதைக் குடுத்திருக்கா. எனக்கு யாரு இருக்கா? புருஷன் கடல்ல இருக்காரு. பேசினா பேச, கூப்பிட்டா வர இது ஒண்ணுதான். இதுவும் போயிட்டா நான் அந்த வீட்டுல எதுக்கு விளக்கு ஏத்தணும்?" அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நிஜம்தான். யாரும் சந்தேகப்பட முடியாது. அதுதான் சின்னவளால் தாங்க முடியாமல் இருந்தது.

"எந்திரிம்மா, எந்திரி" என்று இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். ஆடு பிடித்திருந்த கிழவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "மனசு என்ன, இரும்பா? ஒரே வீட்டு ஆளுங்க. இப்படியா?"

"கோழிக்கு என்ன வியாதியாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சளியாம்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கோழி பைக்குள்ளிருந்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"மூணு மாசமா அழாம இருக்கேன்" என்று சொல்ல நினைத்தாள் சின்னவள். வாய் வரவில்லை. அதற்குள் கண்டக்டர் வந்து அவள் விரலிடுக்கிலிருந்து டோக்கனை உருவிவிட்டார். நோட்டில் கோழியை அடித்துப் பூனை என்று எழுதினார். "கோழியை வீட்டுக்குக் கொண்டுபோம்மா. அவசரத்துக்கு முன்னாடி சட்டம் என்ன சட்டம்" என்றார்.

சின்னவள் அவரைப் பார்த்தாள். "அண்ணே."

"என்ன?"

"அன்னைக்கு இந்த இடத்துலதான் நானும் நின்னேன். எனக்கு அழத் தெரியல. அதானே?"

கண்டக்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தார். அன்றைக்குத் தான் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று யாரையோ பார்த்துச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சின்னவள் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. கோழிப் பையை மேடையின் கம்பியில் மாட்டிவிட்டுப் பெரியவளுக்குப் பின்னாலேயே உள்ளே போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. தான் தோற்ற இடத்தைக் கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்று இருந்திருக்கலாம்.

உள்ளே ஐஸ் அறுத்த கூடம். தடித்த சுவர். இன்னும் குளிர்ந்தது. பாளம் நிறுக்கிற தராசில்தான் பிராணிகளை நிறுத்தார்கள். டாக்டரம்மா இளைத்த பெண். பல நாள் தூங்காதவர் போல் கண்கள். பூனையின் வயிற்றை ஒரு தடவை தொட்டார். "ரொம்ப லேட். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூத்திரப்பை வெடிச்சிருக்கும். மயக்க ஊசி போடணும், கெட்டியா பிடிங்க."

பெரியவள் பிடிக்கப் போனாள். பூனை சீறி அவள் மணிக்கட்டைக் கீறியது.

"உங்களால ஆகாது. நீங்க யாரு? நீங்க பிடிங்க" என்றார் டாக்டரம்மா சின்னவளைப் பார்த்து.

சின்னவள் மேஜைக்கு வந்தாள். துண்டை விரித்துப் பூனையின் மேல் போட்டு, ஒரு கையால் கழுத்துப் பிடரியையும் மறு கையால் இடுப்பையும் அழுத்திக்கொண்டாள். ஈர விரிப்பைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை. துண்டுக்குள் பூனை அசையவில்லை. விரலுக்குக் கீழே ஒரு நரம்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். யாருக்கும் தெரியாது, பயத்தில் இதயம் நின்றுவிட்டது என்பார்கள். பெரியவள் எதிரே நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது சின்னவளுக்கும் தெரிந்தது. ஊசி இறங்குகிற நேரம்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்ததில்லை.

"பிடிச்சது போதும். நசுக்கிடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

சின்னவள் கையைத் தளர்த்தினாள்.

மெல்லிய குழாயைச் செருகியதும் தட்டில் சிவந்த தண்ணீர் சொட்டியது. பிறகு ஒழுகியது. பெரியவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பிழைச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே. "ஆனா இது திரும்பத் திரும்ப அடைக்கிற வியாதி. மாசாமாசம் தவறாம கொண்டுவரணும். மூத்திரத்தைப் பார்த்து மருந்து மாத்தணும். ஒரு மாசம் விட்டாலும் நான் பொறுப்பில்ல."

"எத்தனை மாசத்துக்கு டாக்டர்?" என்று கேட்டாள் சின்னவள்.

"அது இருக்கிற வரைக்கும்."

சின்னவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து கோழியை எடுத்துக்கொண்டாள்.

பூனை பிழைத்தது. தெருவில் கொஞ்ச நாள் சின்னவளைப் பற்றித்தான் பேச்சு. ஒரு பூனையைக் கொல்லப் பார்த்தவள் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெரியவளுக்கு முதலில் இடம் விட்டார்கள். பெரியவளும் நடந்ததை ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் நாயின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. கணவன் ஒருநாள், "இதோட விடு. அட்டையை மீட்டர் பெட்டியிலயே வெச்சிடு" என்றான். அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தலையணையில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் முதல் புதன் விடியற்காலையில் தட்டுகள் அதிர்ந்தன. கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்னவள் எழுந்துதான் இருந்தாள். முதல் தட்டலுக்குப் போகவில்லை. இரண்டாவதற்கும் போகவில்லை. மூன்றாவதற்குப் போய்க் கதவைத் திறந்தாள். பெரியவள் கூடையோடு நின்றாள். தெருவில் ஆளே இல்லை. தூறல் மட்டும்.

"அட்டை" என்றாள் பெரியவள்.

"யாரோட முறை இது?"

பெரியவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சுற்றும் பார்த்தாள். கேட்க ஒருவரும் இல்லை, கண்ணீரைத் துடைக்க ஒருவரும் இல்லை. வெகுநேரம் நின்றாள். கூடைக்குள் பூனை ஒரு தடவை புரண்டு படுத்தது.

"உன் நாயோடது."

"அதுக்குப் பேரு இருக்கு."

மழைநீர் படிக்கட்டு இரும்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவளின் உதடு இரண்டு தடவை அசைந்தது. மூன்றாவது தடவை குரல் வந்தது. "சட்டியோட முறை."

சின்னவள் அட்டையைக் கொடுத்தாள்.

அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். அந்த முறை பெரியவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாவது மாதம் கதவைத் திறந்ததுமே, கேட்பதற்கு முன்பே, பஸ்ஸில் இறங்குமிடம் சொல்வதுபோல, "சட்டியோட முறை" என்று சொல்லிவிட்டு அட்டைக்குக் கை நீட்டினாள்.

சின்னவள் அட்டையை நீட்டினாள். பெரியவள் அதன் ஒரு முனையைப் பிடித்தாள். சின்னவள் மறு முனையை விடவில்லை.

"நேரமாகுது. டோக்கன் தீர்ந்துடும்" என்றாள் பெரியவள்.

"தீராது. நாற்பது இருக்கு" என்றாள் சின்னவள். "மெதுவாச் சொல்லுங்க அக்கா. முதல் மாசம் சொன்ன மாதிரி."